இது வீடு, ரூம் கிடையாது

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் எங்கள் லாட்ஜ் இருக்கிறது. எட்டு அறைகள். அதற்குப் பின்னால், ஒரே சுற்றுச்சுவருக்குள், தனி கேட்டோடு எங்கள் வீடு. லாட்ஜ் மேசையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் வீட்டுக்குள் போகத் தோன்றும். வீட்டுக்குள் போனால் மொட்டைமாடிக்கு ஏறத் தோன்றும். மாடியில் சாரல் முகத்தில் அடிக்கும். இறங்கி மறுபடியும் மேசைக்கு வருவேன். சீசன் நேரத்தில் லாட்ஜ்காரனுக்கு நின்று தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது என்பார்கள். எனக்கு நேரம் இருந்தது, நிற்கத்தான் முடியவில்லை.

காரணம் ஒரு வீடு. ஸ்பெயினில் கிரனாடா என்ற ஊரில், ஒரு மலைச்சரிவில் இருக்கிற பழைய குடியிருப்பில், இரண்டாவது மாடியில், இரண்டு படுக்கையறைகளும் ஒரு சின்ன மொட்டைமாடியும் உள்ள வீடு. அதில் போய்க் குடியிருப்பதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் சொல்லியாக வேண்டும்.

என் மனைவி இரண்டு வருடமாக அந்த ஊரில் இருக்கிறாள். தாவரவியல் படித்தவள். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஆலிவ் மரங்களுக்கு வரும் நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அங்கே இடம் கிடைத்தபோது, இரண்டு வருடம்தானே என்று எல்லாருமாகச் சேர்ந்து வழியனுப்பினோம். இப்போது இன்னும் ஐந்து வருடம் நீட்டித்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு படிக்கிற எங்கள் மகளும் நானும் குற்றாலத்தில். இரண்டு வருடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டோம். ஏழு வருடத்தை அப்படி ஓட்ட முடியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாயைத் திறந்து சொன்னவள் அவள்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு அழைத்தாள். அவளுக்கு அப்போது ஏழரை. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் காபி குடித்துக்கொண்டே பேசுவது வழக்கம்.

"வீடு ஒண்ணு பாத்திருக்கேன். அல்பைசின்ல," என்றாள். அந்த மலைச்சரிவுக் குடியிருப்பின் பெயரில் வரும் சி-யைச் சொல்லும்போது நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். சி-யும் இல்லாமல் தி-யும் இல்லாமல் ஒரு சத்தம் வந்தது. இரண்டு வருடத்தில் அவள் நாக்கு இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தேன்.

"வீட்டுக்காரம்மாவுக்கு எழுவது வயசுக்கு மேல. டூரிஸ்ட்டுக்கு விட மாட்டாளாம். குடும்பமா இருந்தாத்தான் தருவாளாம். எத்தன பேருன்னு கேட்டா. மூணு பேருன்னு சொல்லிட்டேன்."

"என்னையக் கேக்காம எப்படிச் சொன்ன?"

"கேட்டா இன்னும் ரெண்டு வருசம் யோசிப்பீய."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகப் பேசினாள். "ஞாயித்துக்கிழம வரைக்கும் வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கா. நீங்க ரெண்டு பேரும் வந்தா அந்த வீடு. இல்லைன்னா நான் இப்ப இருக்க எடத்துலயே இருந்துக்கிடுதேன். ஞாயித்துக்கிழம சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் கேக்க மாட்டேன்."

கேட்க மாட்டேன் என்றால் கேட்கவே மாட்டாள். கல்யாணமான புதிதில் நான் ஒரு பைக் வாங்கினேன். அதன் நிறம் பிடிக்கவில்லை, இதில் ஏற மாட்டேன் என்றாள். அதை விற்கிற வரைக்கும் ஏறவில்லை. நாலு வருடம், டவுன் பஸ்ஸிலேயே தென்காசிக்குப் போய்வந்தாள். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை என்பது வெறும் தேதி இல்லை என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போய், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாகக் காட்டினாள். சுவர்கள் வெள்ளை, ஜன்னல் சட்டங்கள் பச்சை, தரையில் பழைய ஓடு. நான் லாட்ஜ்காரன் புத்தியோடு பார்த்தேன். குழாயைத் திறக்கச் சொன்னேன். தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்தேன். "அந்த மூலைக்குக் கொண்டு போ. மேல ஈரம் தெரியுதே," என்றேன். "அது நெழலு," என்றாள். தெரு இரண்டு ஆள் அகலம், தரையெல்லாம் சின்னச் சின்னக் கூழாங்கல் பதித்தது, படிக்கட்டு வேறு. கார் வராது. அரிசி மூட்டையும் சிலிண்டரும் எப்படி மேலே வரும் என்று கேட்டேன்.

"தேரோட்டம்னா எங்க தெருவுக்குள்ள சைக்கிள்கூட வராது. நாங்க சாப்பிடாமலா கெடந்தோம்?" என்றாள்.

அவள் பிறந்தது தென்காசிக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில். அதனால் பழைய தெரு என்று சொல்லி அவளைப் பயமுறுத்த முடியாது. கடைசியாக மொட்டைமாடிக்குப் போனாள். எதிர் மலையில் செம்மண் நிறத்தில் பெரிய கோட்டை. உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் அதைப் பார்க்கத்தான் அந்த ஊருக்கு வருகிறார்களாம். என் கண் அதில் போகவில்லை. பக்கத்து மாடிக் கொடியில் யாரோ படுக்கை விரிப்பைக் காயப்போட்டிருந்தார்கள். அது காய்ந்து மொடமொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. சீசன் முழுக்க எட்டு அறைகளின் விரிப்புகளையும் ஃபேனுக்கு அடியில் போட்டு, இரண்டு நாள் ஆகியும் நமத்துப்போய் எடுக்கிற எனக்கு உண்மையாகவே பொறாமையாக இருந்தது. அதைச் சொல்லவில்லை. "தலைக்கு மேல வெயிலா இருக்கும் போலிருக்கே," என்று குறை சொன்னேன்.

அதன்பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. செல்போனில் அந்த ஊர் வரைபடத்தைத் திறந்தால் தெருத்தெருவாகப் படம் காட்டுகிறது. விரலால் தள்ளித் தள்ளி நடக்கலாம். சாவி வாங்க வருகிறவர்களை நிறுத்தி வைத்துவிட்டு நான் அல்பைசினில் நடந்துகொண்டிருந்தேன். செங்கல் வளைவு வைத்த பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதைத் தாண்டி இடப்பக்கம் ஒரு ரொட்டிக்கடை, அதற்கு மேல் படிகள். ஒரே நாளில் எனக்கு வழி மனப்பாடம். எல்லாத் தெருவிலும் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு யாராவது நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வீட்டு பால்கனியில் துணியில் ஏதோ எழுதித் தொங்கவிட்டிருந்தது. அதைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். 'இங்கே ஆட்கள் குடியிருக்கிறோம், பெட்டியை உருட்டாமல் தூக்கிக்கொண்டு நடங்கள்' என்று எழுதியிருப்பதாகப் பதில் வந்தது. கூடவே ஒன்றும் எழுதாமல் எங்கள் வீட்டு கேட்டின் பழைய படம் ஒன்றையும் அனுப்பியிருந்தாள்.

எங்கள் கேட்டில் ஒரு தகரப் பலகை உண்டு. அதை எழுதியவள் அவள்தான். சீசன் நேரத்தில் லாட்ஜ் எது, வீடு எது என்று வருகிறவர்களுக்குத் தெரியாது. தலை நிறைய எண்ணெயும் தோளில் ஈரத் துண்டுமாக நேரே அடுப்படி வரைக்கும் வந்து "டபுள் ரூம் எவ்வளவு?" என்பார்கள். ஒருநாள் அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது நான்கு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே ஒரு தகரத்தை எடுத்து, நீல பெயின்ட் அடித்து, வெள்ளையில் எழுதினாள்: 'இது வீடு. ரூம் கிடையாது.' இடம் பற்றாமல் 'கிடையாது' மட்டும் சின்னதாகக் குறுகிப் போயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் 'இது வீடு. ரூம்' என்று மட்டும்தான் தெரியும். அதனால் பாதிப் பேர் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். நான் மாற்றி எழுதுகிறேன் என்று சொல்லிச் சொல்லிப் பதினோரு வருடம் ஆகிவிட்டது.

அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் மறுபடியும் அந்தத் தெருப் படத்தைப் பார்த்தேன். இத்தனை வருடம் பெட்டியோடு வருகிறவர்களை எடைபோட்டுப் பிழைத்தவன் நான். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே இவன் அருவிக்கு வழி கேட்பான், இவன் வெந்நீர் கேட்பான், இவன் சண்டை போடுவான் என்று சொல்லிவிடுவேன். அந்த ஊரில் பெட்டியோடு நின்று அண்ணாந்து பார்க்கிற ஆள் நானாக இருப்பேன். ரொட்டிக்கடைக்காரன் என்னை எடைபோடுவான். நாற்பத்தாறு வயதில், பாஷை தெரியாமல், மனைவி வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க அந்தப் படிகளில் என்ன செய்வேன்? எனக்குப் பயமாக இருந்தது. அதைப் பயம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, சிலிண்டர், ஈரம், வெயில் என்று வேறு பெயர்களில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை தென்காசிக்குப் போனேன். போனால் மகளுக்குப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்குகிறேன் என்று இல்லை, விசாரிக்கலாம் என்றுதான் போனேன். அலுவலகத்தில் இருந்த அம்மா ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து நீட்டினார். பெயர், வகுப்பு எல்லாம் எழுதினேன். 'விலகுவதற்கான காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"வெளியூர் போறீங்கன்னா அத எழுதுங்க சார்," என்றார் அவர்.

"போவலைன்னா திரும்ப சேத்துக்கிடுவீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டிசி குடுத்துட்டா அந்த எடத்துல வேற பிள்ளையப் போட்டுருவோம் சார். நல்லா யோசிச்சுட்டு வாங்க."

பாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் கால் கோயில் பக்கம் இழுத்தது. கோபுரத்து வாசலில் காற்று வழக்கம்போல் ஆளைத் தள்ளியது. என் மனைவி வீடு இருந்த தெருவில் நடந்தேன். அந்த வீடு இப்போது ஒரு பாத்திரக் கடையின் குடோன். பெண் பார்க்க வந்த அன்று அதன் மாடிப்படி எவ்வளவு குறுகல் என்று பார்த்து, இந்த வீட்டில் மனுசன் எப்படிக் குடியிருப்பான் என்று நான் மனதுக்குள் நினைத்தது ஞாபகம் வந்தது. அந்தப் படியில்தான் அவள் காபித் தட்டோடு ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கிவந்தாள். அல்பைசின் படிகளும் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஊர் முழுக்க வந்து எட்டிப்பார்க்கிற தெருவில் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வாழ அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரியாதவன் நான்தான்.

தெரிந்து என்ன செய்ய? வியாழக்கிழமை நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் அழைத்ததும், அவள் கேட்காமலே, "அங்கன வந்து நான் என்ன செய்யணும்னு சொல்லுத? உனக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு, கோட்டையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? இங்கன எனக்கு எட்டு ரூம் இருக்குட்டி. நான் ஒரு ஆளு இங்கன," என்று கத்தினேன்.

"உங்களுக்கு எட்டு ரூம் இருக்கு. எனக்கு ஒண்ணு," என்றாள். "ரெண்டு வருசமா நான் ரூம்லதான் இருக்கேன். ஒரு கட்டிலு, ஒரு மேச. வேலைக்குப் போறேன், வந்து படுக்கேன். டூரிஸ்ட்டு ரெண்டு நாள்ல கெளம்பிருதான். நான் கெளம்பல, அவ்வளவுதான் வித்தியாசம்." அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் அழைக்கவில்லை. நான் மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். எதிரே பழக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி மங்குஸ்தான் அடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனால் லாட்ஜைத் தான் பார்த்துக்கொள்வதாக அவர் எப்போதோ சொல்லிவிட்டார். அதனால் அந்தச் சாக்கும் எனக்கு இல்லை.

"முடிவு பண்ணீராவே?" என்றார்.

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி."

"திங்கக்கிழமையில இருந்து நீரு மாடிக்கும் கீழயும் நடக்கிற நடைக்கு இந்நேரம் நடந்தே போய்ச் சேந்திருக்கலாம்."

சனிக்கிழமை ஐந்தருவியில் நல்ல தண்ணீர். காலையிலேயே எட்டு அறைகளும் நிரம்பிவிட்டன. ரோட்டில் கார்கள் நகரவில்லை. வந்து கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை, இல்லை என்று சொல்லி என் குரல் கட்டிவிட்டது. மூன்று மணி இருக்கும். வீட்டு கேட் திறக்கிற சத்தம் கேட்டு எரிச்சலோடு போனேன். ஒரு இளம் பெண், இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். பின்னால் அவள் கணவன் இரண்டு பைகளோடு நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பலகையை முழுதாக வாசித்தாள்.

"இது வீடுன்னு தெரியுதுண்ணே. ரூம் வேண்டாம். பிள்ளைக்குத் துணி மாத்த ஒரு எடம் மட்டும் குடுங்க," என்றாள். மதுரைப் பேச்சு.

பலகையைச் சரியாக வாசித்துவிட்டு உள்ளே வந்த முதல் ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. எங்கள் படுக்கையறையைத் திறந்துவிட்டேன். நானும் மகளும் கூடத்தில்தான் படுப்போம். அந்த அறை இரண்டு வருடமாகப் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். அந்தப் பெண் குழந்தையைத் துவட்டிக்கொண்டே, அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த பொட்டுகளையும் ஆணியில் தொங்கிய குடையையும் பார்த்தாள்.

"அக்கா வெளிய போயிருக்காங்களா?"

"ஆமா, வந்துருவா," என்றேன். கடைக்குப் போன ஆளைச் சொல்வதுபோல், தடங்கலே இல்லாமல் வந்துவிட்டது.

குழந்தைக்கு இருமல் ஆரம்பித்தது. மதுரைக்குப் போகிற ரோடும் அடைத்துக் கிடந்தது. இங்கேயே தங்கிவிட்டுக் காலையில் போங்கள் என்று நானே சொன்னேன். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். "அக்கா வந்ததும் சொல்லுங்கண்ணே, அவங்க ரூமத் தொந்தரவு பண்ணிட்டோம்னு," என்றாள் அந்தப் பெண்.

அவர்கள் போன பிறகு அறையைச் சுத்தம் செய்தேன். விரிப்பை உருவி அழுக்குக் கூடையில் போட்டேன். லாட்ஜ் அலமாரியிலிருந்து வெள்ளை விரிப்பு எடுத்து, நான்கு பக்கமும் இழுத்துச் செருகினேன். ஜன்னலைத் திறந்தேன். ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்து அணைத்தேன். கதவைச் சாத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் மகள் குடை எடுக்க உள்ளே போனாள். உள்ளேயிருந்து அவள் சிரிப்பது கேட்டது.

"அப்பா, அம்மா ரூம்ல சோப்பு வச்சிருக்கீய."

போய்ப் பார்த்தேன். கட்டிலின் கால்மாட்டில் ஒரு வெள்ளைத் துண்டு மடித்து வைத்திருந்தது. அதன்மேல் பேப்பர் சுற்றிய குட்டிச் சோப்பு ஒன்று. எட்டு அறைகளுக்கும் தினமும் செய்கிற வேலை. நான் யோசிக்காமலே என் கை அதை ஒன்பதாவது தடவையும் செய்திருக்கிறது. படுத்தவர்களின் சுவடே இல்லாமல், அடுத்து யார் வந்தாலும் படுக்கலாம் என்ற மாதிரி அந்த அறை தயாராக இருந்தது. மகள் சிரித்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மனைவி ஒரு ரூமில் இருக்கிறேன் என்று சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நானும் இரண்டு வருடமாக ரூமில்தான் இருந்திருக்கிறேன், கேட்டில் பலகை இருந்ததால் அதை வீடு என்று நினைத்திருக்கிறேன்.

பதினோரு மணிக்கு அழைப்பு வந்தது. அவள் எதையும் கேட்கவில்லை. அங்கே வெயில் அதிகம் என்றாள். சாரல் எப்படி என்றாள். மகள் சாப்பிட்டாளா என்றாள். நான் அந்தக் குடும்பம் வந்ததைச் சொன்னேன். படுக்கையறையைக் கொடுத்ததைச் சொன்னேன். வந்துருவா என்று சொன்னதைச் சொன்னேன். கடைசியில் சோப்பையும் சொன்னேன்.

"சோப்பா?"

"ம். துண்டும்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காபிக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. என் பயம் எங்கேயும் போய்விடவில்லை. ரொட்டிக்கடைக்காரன் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான், படிகளும் அப்படியே இருந்தன. சட்டைப்பையிலிருந்து அந்தப் பாரத்தை எடுத்துப் பிரித்தேன். நான்காய் மடித்து மடித்து, மடிப்பில் கிழிகிற நிலையில் இருந்தது.

"ஏட்டி, டிசி பாரத்துல காரணம்னு ஒரு எடம் இருக்கு. அதுல என்ன எழுத?" என்றேன்.

லைன் போய்விட்டதா என்று செல்போனைப் பார்த்தேன். அவள் முகம் திரையில் இல்லை, மேல்கூரைதான் தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள்.

"அந்தப் போர்டு இன்னும் கேட்டுலதான் கெடக்கா?"

"கெடக்கு."

"அதக் கழட்டிக் கொண்டாங்க. இங்கனயும் ஓட்டல்னு நெனச்சுக் கதவத் தட்டுதாங்களாம். வீட்டுக்காரம்மா சொன்னா."

"அங்கன எவனுக்குட்டி தமிழ் வாசிக்கத் தெரியும்?"

"நமக்குத் தெரியும்லா," என்றாள்.